மிக்ஸியை வைத்துத் தேர்ந்தெடுத்த மென்பொருள்

கணினி மையத்தில் என் நாற்காலியில் இப்போது உங்களில் யார் உட்காருகிறீர்கள் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் இடது பக்கம் சாயாதீர்கள். அந்தக் கைப்பிடி நான் பணியில் இருந்தபோதே கழன்றுவிட்டது. அதை யாருக்கும் காட்டிக்கொள்ளாமல் ஓய்வுபெறும்வரை வலது பக்கமே சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பார்த்தவர்கள் நான் எதையோ ஆழமாக யோசிப்பதாக நினைத்துக்கொண்டார்கள். கல்லூரியில் எனக்கு இருந்த மரியாதையில் பாதி அந்தக் கைப்பிடி சம்பாதித்துக் கொடுத்தது.

போன வாரம் உங்களில் ஒருவர் போன் செய்தீர்கள். பழைய ஒப்பந்தம் முடிகிறது, ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் புதிதாக ஒரு காணொலி மென்பொருள் எடுக்கப்போகிறோம், "மொத மொதல்ல நீங்கதானே சார் எடுத்தீங்க, எப்படி எடுத்தீங்க?" என்று கேட்டீர்கள். "எல்லாம் ஒரு அனுபவம்தாம்ப்பா" என்று கம்பீரமாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு உறுத்தியது. உண்மையில் எப்படி எடுத்தேன் என்பதை எழுதிவிடுகிறேன். படியுங்கள். தயவுசெய்து கோப்பில் மட்டும் சேர்க்காதீர்கள்.

ஊரடங்கு வந்த வருடம் அது. கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டு, பத்து நாளைக்குள் ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். மூன்று நிறுவனங்கள் வந்தன. அவற்றின் பெயர்கள் வேண்டாம், நான் வைத்த பட்டப்பெயர்களே போதும். முதலாவது மாப்பிள்ளை: ஒரே பளபளப்பு, கேட்டது கேட்காதது எல்லாம் உள்ளே உண்டு. இரண்டாவது ஓசி: இலவசம், ஆனால் பாடத்தின் நடுவே விளம்பரம் வரும். மூன்றாவது சிக்கனம்: முகம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், வசதி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, கொடுத்த வேலையை மட்டும் செய்யும்.

முதல் சோதனையைக் கல்லூரியிலேயே நடத்தினோம். ஏழு பேராசிரியர்கள், வரிசையாக ஏழு அறைகள், ஆளுக்கொரு கணினி. மூன்று மென்பொருளிலும் குரல் கணீரென்று கேட்டது. "ஒலித்தரம் மிக நன்று" என்று நான் குறித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் எலெக்ட்ரீஷியன் தாழ்வாரத்தில் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனவர் நின்றார்.

"சார், எல்லாக் கதவையும் தொறந்து வச்சுக்கிட்டு பேசுறீக. அப்புறம் கேக்காம என்ன செய்யும்?"

கதவுகளைச் சாத்திவிட்டுப் பார்த்தோம். ஓசியில் குரல் இரண்டு நொடி தாமதித்து வந்தது. மாப்பிள்ளையில் வரவே இல்லை. அது ஓடிய கணினியில் நான் ஒலிவாங்கியைச் செருகியிருக்கவில்லை.

இந்த எலெக்ட்ரீஷியனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார். என்னைவிடப் பத்து வயது இளையவர். பாளையம்பட்டிப் பக்கம் வீடு, வீட்டில் கன்னடம், வெளியே தமிழ். கல்லூரி வேலைக்கு வரும் முன்பு சொந்த விசைத்தறியில் நெய்தவர். என் தவறுகளைச் சுட்டிக்காட்டுவது அவர் பணி விதிகளில் இல்லை. ஆனாலும் ஒருநாள்கூட அதில் அவர் விடுப்பு எடுத்ததில்லை.

அடுத்ததாக, மாணவர்களிடமே கேட்டுவிடலாம் என்று ஒரு படிவம் தயாரித்து அனுப்பினேன். இதுவரைக்கும் நான் புத்திசாலி. சிக்னல் எங்கே கிடைக்கிறது, போன் யாருடையது, டேட்டா எத்தனை மணிவரை தாங்குகிறது என்றெல்லாம் கேட்டிருந்தேன். நரிக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் "கண்மாய்க் கரையில் நின்றால் மட்டும்" என்று பளிச்சென்று எழுதியிருந்தார்கள். கடைசிக் கேள்வி: "உங்கள் வீட்டில் இரைச்சல் உண்டா?" காரியாபட்டியில் கடைவீதி மாடியில் குடியிருந்தவர்கள் உண்டு என்று போட்டு, பஸ்ஸு ஹாரன், மைக் செட்டு என்று பட்டியலே கொடுத்திருந்தார்கள். அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் "இல்லை" என்று போட்டிருந்தார்கள்.

நானும் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். இதே ஊரில் அத்தனை வருடம் குப்பை கொட்டியவன், "நெசவாளர் தெருக்கள் அமைதியான பகுதிகள், அங்கே ஒலிச் சிக்கல் எழாது" என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கையெழுத்துக்குக் கீழே அடிக்கோடு வேறு.

ஆக, இரைச்சல் என்றால் கடைவீதி இரைச்சல்தான், அதை எந்த மென்பொருள் நன்றாக வடிகட்டுகிறது என்று பார்த்தால் போதும் என்று முடிவுக்கு வந்தேன். மாப்பிள்ளையில் இரைச்சலைத் தானாகவே நீக்கும் வசதி இருப்பதாகச் சொன்னார்கள். சோதித்துப் பார்க்க என் வீட்டுச் சமையலறையைவிட நல்ல ஆய்வுக்கூடம் ஏது? மனைவி மிக்ஸியில் சட்னி அரைக்க, நான் பக்கத்தில் நின்று போனில் பேச, மறுமுனையில் முதல்வர் கேட்டார். மிக்ஸிச் சத்தம் சுத்தமாக இல்லை, என் குரல் மட்டும் தனியாகப் போய்ச் சேர்ந்தது.

"இன்னொரு தடவை ஓட்டு" என்றேன் மனைவியிடம்.

"ஏங்க, உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் ஜாரு ஓடுது."

"பரவாயில்ல, ஓட்டு."

"உங்களுக்கென்ன, மிக்ஸி எரிஞ்சா காலேஜு வாங்கிக் குடுக்குமா?"

மாப்பிள்ளைக்கே மாலை விழுந்தது. மாணவர்கள் வகுப்பில் எப்படி நுழைவது என்று விளக்கும் காணொலியையும் அதே சமையலறையில், அதே மிக்ஸியோடு எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். மறுநாளிலிருந்து கல்லூரி முழுக்க எனக்கு மிக்ஸி சார் என்று பெயர். என் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். ஆனால் ஒருவர் தன் ஒலிவாங்கியை அணைக்க மறந்ததால் எனக்கும் தெரிந்துவிட்டது.

மாதக்கணக்கில் வகுப்புகள் நடந்தன. ஒரு புகாரும் இல்லை. ஏன் இல்லை என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். வகுப்பில் ஆசிரியர் மட்டுமே பேசுவார். மாணவர்களின் ஒலிவாங்கியை நாங்களே மூடி வைத்திருந்தோம். வருகைப் பதிவுகூட எழுத்தில்தான். பேசவே விடாதவர்களிடமிருந்து, பேச்சு கேட்கவில்லை என்ற புகார் எப்படி வரும்?

பிறகு முதுநிலை மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு வந்தது. வேதியியலில் நாகேஸ்வரி என்று ஒரு பெண். சாயப்பட்டறைத் தண்ணீர் கிணறுகளில் இறங்குவதைப் பற்றி ஆய்வேடு எழுதியிருந்தாள். ஓசூரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை கிடைத்து, மாதக் கடைசிக்குள் தேர்ச்சிக் கடிதத்தோடு வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். இந்த வாய்மொழித் தேர்வு தவறினால் அடுத்தது ஆறு மாதம் கழித்து. தொழிற்சாலை அதுவரை காத்திருக்காது. கல்லூரிக்கு நேரில் வரவழைக்கலாம் என்றால் அந்த வாரம்தான் அவள் தெருவில் நோய் வந்து, இரண்டு முனையிலும் தகரம் அடித்திருந்தார்கள். தெருவை விட்டு யாரும் வெளியே வர முடியாது. வீட்டுக்குள் தறி ஓட்டுவதற்கு மட்டும் தடையில்லை.

காலை பதினொரு மணி. கருத்தரங்க அறையில் பெரிய திரை. அவளுடைய வழிகாட்டியான வேதியியல் மேடம் ஆய்வேட்டை மடியில் வைத்துக்கொண்டு, தனக்கே தேர்வு என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். நான் கணினியின் முன்னால். கரண்டு போனால் யுபிஎஸ்ஸைப் பார்த்துக்கொள்ள எலெக்ட்ரீஷியன் கடைசி வரிசையில். வெளியூரிலிருந்து தேர்வாளர் திரையில் வந்தார். அவருக்குப் பக்கத்துக் கட்டத்தில் நாகேஸ்வரி. படம் கண்ணாடிபோல் தெளிவாக வந்தது. அவளுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் மட்டும் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. மின்விசிறிக் காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வாளர் முதல் கேள்வியைக் கேட்டார். அவள் வாய் அசைந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. இடையே "கா", "ரு" என்று இரண்டு துண்டுகள் விழுந்தன, அவ்வளவுதான். மறுபடி கேட்டார். மறுபடி வாய் அசைந்தது. நடுவில் அவள் பக்கவாட்டில் திரும்பி யாரிடமோ ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"மேடம், அந்தப் பொண்ணு மியூட் பண்ணிட்டு யார்கிட்டயோ கேட்டுக் கேட்டுச் சொல்லப் பாக்குது" என்றார் தேர்வாளர். "இப்படித்தான் நேத்து வேற ஒரு காலேஜ்லயும் நடந்துச்சு."

மேடம் என்னைப் பார்த்தார். இங்கேதான், தம்பிகளே, தங்கைகளே, நான் இன்றைக்கும் வெட்கப்படுகிற வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. மென்பொருளைத் தேர்ந்தெடுத்தவன் நான். அது தப்பு செய்யும் என்று என் புத்தி ஏற்கவில்லை. "நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார். ஸ்டூடண்ட்டோட போன்லதான் கோளாறு" என்றேன்.

"அப்படின்னா அது கேண்டிடேட் பொறுப்பு. இன்னும் நெறைய பேர் காத்திருக்காங்க. ஆப்சென்ட் போட்டுடறேன்."

நாங்கள் பேசியது அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். வாய் இன்னும் வேகமாக அசைந்தது. மேடத்தின் மடியிலிருந்து ஆய்வேடு நழுவிக் கீழே விழுந்தது.

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது.

"சார், அந்தப் பிள்ளை பதில் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு."

"உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றேன் நான்.

"தெரியுதுல்ல, வாயப் பாத்தா! தறிக்கூடத்துல யாருக்கு சார் காதுல விழும்? வாயப் பாத்துத்தான் பேசிக்கிருவோம். இந்தா, 'ஐயா போட்டுராதீக, நான் இருக்கேன்'னு சொல்லுது."

தேர்வாளர் சிரிக்கவில்லை. "அப்ப நடுவுல திரும்பி யார்கிட்ட கேட்டாங்களாம்?"

"கேக்கல சார். அவுக அம்மாகிட்ட, பூனைய வெளிய வெரட்டுன்னு சொல்லுச்சு."

சரியாக அந்த நேரத்தில் திரையின் அடியில் ஒரு வால் கடந்து போனது.

தேர்வாளர் லேசில் விடுகிறவர் இல்லை. "எந்தெந்த இடத்துல தண்ணி எடுத்தீங்க?" என்று அவளிடம் கேட்டார். அவள் வாயசைக்க, எலெக்ட்ரீஷியன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து வரிவரியாகச் சொன்னார்: "ஆறு கிணறு... ரெண்டு ஊருணி... ஊருணி ரெண்டும் மழைக்கு முந்தி ஒரு தடவ, பிந்தி ஒரு தடவ." மேடம் ஆய்வேட்டைப் பொறுக்கி எடுத்துப் புரட்டி, "கரெக்ட் சார், கரெக்ட்" என்றார். பாதிக் குரல் அழுகை.

"நம்புறேன்" என்றார் தேர்வாளர். "ஆனா மேடம், எலெக்ட்ரீஷியனுக்கு எம்.எஸ்ஸி. வைவா நடத்தினேன்னு நான் ரிப்போர்ட் எழுத முடியுமா? முகமும் குரலும் சேர்ந்து பதிவாகணும். பத்து நிமிஷம் தர்றேன், சரி பண்ணுங்க."

நான் அவள் அப்பாவின் எண்ணுக்குப் போன் போட்டேன். அவளே எடுத்தாள். காதில் வைத்ததும்தான் எனக்கு உறைத்தது. தடக்கு தடக்கு தடக்கு என்று எதிர்முனையில் தறியே வந்து பேசியது. அவள் அப்பா தன் தறியைக் காலையிலேயே நிறுத்தியிருந்தார். சத்தம் சுவரை ஒட்டிய பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு, எதிர் வீடு என்று தெரு முழுவதிலிருந்தும் வந்தது. மிக்ஸி ஒரே இழுப்பாக ஓடும். மென்பொருள் அதை அடையாளம் கண்டு அழகாக உரித்து எடுத்துவிடும். இங்கே தட்டு மேல் தட்டு விழ, ஒவ்வொரு தட்டோடும் அவள் பேச்சையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டிருந்தது. அந்த வசதியை அணைக்கும் பொத்தான் கணினியில் உண்டு. போனில் கிடையாது. நான் அதைப் பார்க்காமல் விட்டிருந்தேன். என்னிடம் கணினி இருந்ததே, எதற்குப் பார்க்க வேண்டும்?

"ஏம்மா, வீட்டுல இரைச்சல் இல்லேன்னு படிவத்துல போட்டிருந்தியே!" என்றேன் போனில், கிட்டத்தட்ட கத்தி.

அவளும் கத்தினாள்: "இரைச்சல் இல்ல சார், தறிதான் ஓடுது!"

என்னால் கோபப்பட முடியவில்லை. பிறந்த நாளிலிருந்து காதில் இருப்பதை யார் இரைச்சல் என்று எழுதுவார்கள்?

இப்போது உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நெருக்கடியில் முதலில் வருகிற யோசனை பெரும்பாலும் அதிகாரத்தைப் பயன்படுத்துகிற யோசனையாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் வந்தது. மின்வாரியத்தில் அந்தப் பகுதி லைன்மேன் எனக்குத் தெரிந்தவர். "இருபது நிமிஷம் அந்தத் தெருவுக்குக் கரண்ட்டை நிறுத்தச் சொன்னா?" என்று எலெக்ட்ரீஷியன் காதில் மெதுவாகக் கேட்டேன். மேதாவித்தனமான திட்டம் என்றே நினைத்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓடுற தறி திடீர்னு நின்னா சேலையில கோடு விழுகும் சார். ஒரு தெருச் சேலையையும் பழுதாக்கணுமா? அவுகளா நிறுத்துனா பாத்துப் பதமா நிறுத்துவாக. சொன்னா நிறுத்த மாட்டோம்னா சொல்லப்போறாக? அவுககிட்ட யாரு சொன்னா?"

யாருமே சொல்லவில்லை. நான் கேட்டதெல்லாம் ஒரு படிவத்தில் கட்டம் போட்டு.

அவர் கேமராவுக்கு முன்னால் போய் நின்றார். உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு தடவை கீழே அமுக்கினார். விரலால் தெரு நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தார். பிறகு தொண்டையைத் தொட்டு, வெளிப்பக்கம் காட்டினார். தெருத் தறிகளை நிறுத்தச் சொல், உன் குரல் வெளியே வரட்டும் என்பது அதன் பொருள். நாகேஸ்வரி தலையாட்டிவிட்டு எழுந்து ஓடினாள். திரையில் நாற்காலியும் காலண்டரும் மட்டும் இருந்தன. காலண்டரை ஒட்டியிருந்த சன்னல் வழியே அவள் அம்மா மொட்டை மாடிப் படியில் ஏறுவது தெரிந்தது. மேல்படியில் நின்று, எலெக்ட்ரீஷியன் செய்த அதே சைகையை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை செய்தார்.

நாங்கள் காத்திருந்தோம். எங்களுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. மென்பொருள்தான் எதையும் கேட்கவிடாதே. ஆகவே எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது மேடம் மெதுவாகச் சொன்னார்: "சார், காலண்டரைப் பாருங்க."

நடுக்கம் குறைந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் குறைந்தது. ஒரு வீடு, அடுத்த வீடு, எதிர் வீடு. கடைசியில் காலண்டர் சுவரோடு சுவராக அசையாமல் நின்றது. நான் மின்விசிறிக் காற்று என்று நினைத்தது முழுத் தெருவின் உழைப்பு. திரைக்குள்ளிருந்து முதல் தடவையாக ஒரு சத்தம் வந்தது. காக்கா கரைந்தது. பிறகு மூச்சிரைக்க ஓடிவந்து உட்கார்ந்த பெண்ணின் குரல், முழுசாக:

"ஐயா, இப்பக் கேக்குதுங்களா?"

"கேக்குதும்மா" என்றோம் எல்லாரும், தேர்வாளர் உட்பட. அவள் கேட்டது தேர்வாளரை மட்டும்தான் என்பதே எங்களுக்கு மறந்துபோனது.

இருபது நிமிடம் கேள்வி கேட்டார். சாயத்தில் எந்த உலோகம், எந்த ஆழத்தில், எந்தக் கோடையில் என்று அவள் நிறுத்தாமல் சொன்னாள். முடிவில், "இவ்வளவு தெளிவா பேசுற பொண்ணைப் போய் நான் ஆப்சென்ட் போட இருந்தேனே" என்றார் தேர்வாளர். தேர்ச்சி என்று அறிவித்தார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் அம்மா படியேறிப் போனார். காலண்டர் மறுபடி நடுங்க ஆரம்பித்தது. நாகேஸ்வரி இன்னும் ஏதோ சிரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நன்றி சொல்கிறாள் போல என்று நாங்களும் கையசைத்தோம். திரை அணைந்தது.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதே வலது பக்கச் சாய்வு, ஆனால் அன்றைக்கு அது நடிப்பில்லை. எலெக்ட்ரீஷியன் தன் பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அவர் யாருக்கும் தன் டீயில் பங்கு தரமாட்டார். என் நிலைமையைப் பார்த்து இரக்கப்பட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த பருவத்தில் சிக்கனத்துக்கு மாறினோம். அது இரைச்சலை நீக்காது. தறியும் கேட்கும், பிள்ளைகளும் கேட்கும். தேர்வு நாள்களில் யார் வீட்டில் எத்தனை மணிக்கு என்று தெருவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவோம். என் படிவத்தில் கடைசிக் கேள்வியை அடித்துவிட்டு வேறு எழுதினேன்: "காலை பதினொரு மணிக்கு உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் என்ன நடக்கும்?" வந்த பதில்களைப் படித்துப் பாருங்கள், அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்து எனக்குத் தெரியாதவை அந்த ஒரு கட்டுக்குள் இருக்கின்றன. நீங்கள் புதிதாக எதை எடுத்தாலும், இரைச்சல் நீக்கும் வசதியை அணைக்கும் பொத்தான் பிள்ளைகள் கையில் இருக்கும் போனில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கணினியில் இருப்பது உங்களுக்கு மட்டும்தான் உதவும். ஏதாவது கோளாறு என்றால் "நம்ம பக்கம் சரியா இருக்கு" என்ற வாக்கியத்தை மட்டும் கொஞ்ச நேரம் வாய்க்குள் வைத்திருங்கள்.

என் பிரிவு உபசார விழாவில் எலெக்ட்ரீஷியன் மாலையோடு வந்தார். பழைய கதைகள் பேசினோம். நாகேஸ்வரி ஓசூரில் நன்றாக இருக்கிறாள் என்றார். ரொம்ப நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டேன்.

"ஏப்பா, அன்னைக்குக் கடைசியில தறி ஓட ஆரம்பிச்ச பிறகு அந்தப் பொண்ணு என்னமோ சொல்லுச்சே. நன்றிதானே?"

அவர் சிரித்தார். "அது எங்க வீட்டுப் பேச்சுல, கன்னடத்துல, என்கிட்ட சொன்னது சார்."

"என்ன சொல்லுச்சு?"

"மிக்ஸி சார் மூஞ்சி ரொம்ப வாடிப்போயிருக்கு, அவருக்கு மொதல்ல ஒரு டீ குடுங்கண்ணேன்னு சொல்லுச்சு."